நரி தின்ற கைப்பிடி

எங்கள் ஊர்க் காட்டில் ஓடைமேல் இருக்கும் மரப்பாலத்துக்குப் போன ஆடியில் இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்துவிட்டார்கள். சுனை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் இனி வழுக்கி விழ மாட்டார்கள். நல்லதுதான். ஆனாலும் குழாயைப் பிடித்து நடக்கும்போது என் விரல் பழைய தோல்வார் முடிச்சைத் தேடுகிறது.

மாதனூர்ப் பக்கத்து அந்தக் காட்டை அன்றைக்கும் ஊர்தான் பார்த்துக்கொண்டது. சுள்ளிகூட யாரும் எடுத்துவரக் கூடாது. வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பானை நிரப்புவது பெரியப்பா வீட்டு முறை; பாலத்துக் கைப்பிடி எங்கள் வீட்டு முறை. அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றிலேயே தங்கி வேலை செய்தார். சாயங்காலம் கொண்டுவந்து விட இப்போதுபோல் கம்பெனி பஸ் ஏது? மேஸ்திரி லேசில் லீவு தர மாட்டார். ஊர்க் காட்டு வேலை என்று ஆள் போய்ச் சொன்னால் மட்டும் மறுக்க மாட்டார். அம்மன் காடு, பயம்.

அப்பா மூங்கில் கைப்பிடியைப் பதனிடாத தோல் வாரால் இழுத்துக் கட்டுவார். காய்ந்தால் இரும்பாய் இறுகும். மழையில் ஊறினால் நரி வந்து தின்றுவிடும். மூங்கில் ஓடையில் கிடக்கும். ஆம்பூருக்கு ஆள் போகும், அப்பா வருவார்.

"இன்னாடா, நரிக்கு மறுபடியும் விருந்தா? தேங்கா நார்க் கயித்துல கட்டேன்டா, பைத்தியக்காரா" என்பார் பெரியப்பா.

"தோலுதான்ணா ஜாஸ்தி நாள் வரும்" என்று அப்பா நிமிராமலே முடிச்சுப் போடுவார். ஊரே சிரிக்கும். அம்மா மட்டும் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். எனக்கோ அவமானம். பள்ளிக்கூடத்தில் என்னை 'நரி வீட்டுப் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஓர் ஐப்பசி மழையில் கைப்பிடி விழுந்தபோது பெரியப்பா ஆள் அனுப்பவில்லை. "அவன் எதுக்கு பேஜார் படணும்?" என்று தானே நார்க் கயிற்றால் கட்டிவிட்டார். நரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"கயிறு கெட்டியாகீதா?"

"கெட்டியாகீதும்மா."

மழையைப் பார்த்ததுமே எடுத்து வைத்திருந்த கருவாட்டை அம்மா மறுபடியும் காகிதத்தில் சுற்றிப் பானைக்குள் வைத்தாள்.

கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. பொங்கலுக்குத்தான் அப்பா வந்தார். நேரே பாலத்துக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"அண்ணன் நல்லாத்தான் கட்டிகீறாரு" என்றார்.

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். தோலிலேயே கிடந்து பிழைத்த மனிதருக்கு, ஈரத் தோலை நரி விடாது என்பது தெரியாமலா இருந்திருக்கும்? அதை நினைத்துப் பார்க்க அன்றைக்கு எனக்கு வயசு போதவில்லை.