மொட்டைமாடியில் விமான எண்ணெய்

ஸ்ரீவராகம் வீடுகளுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போது மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். ஹரிஷங்கர் அப்போதுதான் ஆரம்பிப்பார்.

"அஞ்சே வருஷம். இதெல்லாம் நம்ம பாசி எண்ணெயிலதான் பறக்கும், கேட்டோ."

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஐந்து குறையவேயில்லை.

கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலையில் இருந்தவர். பாசியிலிருந்து விமான எரிபொருள் எடுக்கலாம் என்று ஏதோ கருத்தரங்கில் கேட்டுவிட்டு வேலையை விட்டார். வீட்டு மாடியில் கண்ணாடித் தொட்டிகள் வைத்து நிர்வாக இயக்குநர் ஆனார். நுண்ணுயிரியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் அவருடைய ஆராய்ச்சித் தலைவர். தொட்டியைக் கலக்கிவிடுவது ஆராய்ச்சி. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி விமானத் துறையில் இருப்பதாக அப்பா ஊரெல்லாம் சொல்லிவருகிறார். நான் மறுக்கவில்லை.

பாசியில் எண்ணெய் இருப்பது பொய்யில்லை. அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவைக் கேட்டால் மட்டும் ஹரிஷங்கர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். நம்புகிறாரா, நடிக்கிறாரா என்று பிடிபடாது. அது தெரிந்தால் நான் எதில் சேர்த்தி என்றும் தெரிந்துவிடும்.

நிதி தந்த குழு நேரில் பார்க்க வந்தது. தொட்டி பச்சையாக இருந்தால் நிதி தொடரும். இல்லாவிட்டால் கழக்கூட்டத்துக்கே திரும்பி, தான் பழக்கிவிட்ட பையன்களுக்குக் கீழே உட்கார வேண்டும். அதற்குத்தான் அவர் பயந்தார்.

அன்று காலை மாடிக்குப் போனால் தொட்டிகள் பளிங்காக இருந்தன. குளோரின் நெடி.

"அம்மா, என்ன பண்ணினே?" என்று கத்தினார் ஹரிஷங்கர்.

சாவித்ரி மாமி தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய மனுஷா வரான்னியே. பாசி பிடிச்ச தொட்டியையா காட்டறது? ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். ஹெல்த்துலேர்ந்து வேற டெங்கு டெங்குன்னு வெரட்டறா."

"அது பாசியில்லேம்மா. என் கம்பெனி."

"கம்பெனியா இருந்தா கொசு வராதோ?"

குழுத் தலைவி பத்மப்ரியா மேடம் தொட்டிக்குள் உற்றுப் பார்த்தார்.

"ஆல்கே எவிடே?" பாசி எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்.

ஹரிஷங்கர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"ஹார்வெஸ்ட் கழிஞ்ஞு, மேடம்." அறுவடை முடிந்துவிட்டது என்றேன் நான்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. போன இடத்திலெல்லாம் பச்சைத் தண்ணீரைத்தான் காட்டினார்களாம். அறுவடை வரை போனவர் ஹரிஷங்கர் ஒருவர்தானாம். மாமி காபி கொண்டுவருவதற்குள் நிதி தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். அறுவடை செய்த எண்ணெயில் ஒரு லிட்டரை அடுத்த மாதக் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். எஞ்சினில் ஊற்றி ஓட்டிக் காட்டலாமாம்.

அவர்கள் கார் தெருமுனையில் திரும்பியதும் ஹரிஷங்கர் கேட்டார். "எடோ, ஒரு லிட்டருக்கு எத்தனை தொட்டி வேணும்?"

"இந்தத் தெரு மாடி எல்லாம் வேணும், சேட்டா."

நான் கேலியாகத்தான் சொன்னேன். அவர் வரிசையாக ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார்.

"எதிர்வீட்டு மாமா தருவார்னு தோணறது" என்று செருப்பைத் தேடினார்.