கைக்கு லீவு

போன சனிக்கிழமை என் மகள் செலினின் கையிலிருந்த மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அழுதாள். வலித்ததால் அல்ல... கட்டு போய்விட்டதே என்று!

கையில் அடிபட்ட அன்றுகூட ஆஸ்பத்திரியில் அவள் அழவில்லை. எக்ஸ்ரே அறையில் அழவில்லை. கட்டுப் போடும்போது அந்த ஈர மாவைத் தொட்டுப் பார்த்து, "இட்லி மாவு மாதிரியே இருக்குதுப்பா" என்று சிரித்தவள் அவள். இப்போது கை சரியாகிவிட்டது என்று டாக்டர் கைதட்டுகிறார். இவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு விம்முகிறாள். ஏன்?

காரணம் நான். அதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் குடும்பக் கதை. கன்னட மண்ணில், அடுகோடியில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். மனைவி அமலா காலையிலேயே கம்பெனி பஸ்ஸைப் பிடித்து பொம்மசந்திராவுக்குப் போய்விடுவாள் — அங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. செலினுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. மதியம் ஸ்கூல் வேன் இறக்கிவிட்டால், அமலா திரும்பும்வரை வீட்டில் அவளும் நானும்தான். நான் என்றால் என்ன... காதில் ஒரு ஹெட்செட், வாயில் 'யெஸ், யெஸ்'. அவ்வளவுதான் நான்.

ஒருநாள் முக்கியமான மீட்டிங். வாடிக்கையாளர், மேனேஜர், மேனேஜருக்கு மேனேஜர் என்று எல்லோரும் லைனில் இருக்கிறார்கள். செலின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அப்பா, டூ வந்துடுச்சு! சீக்கிரம் வா!" என்று அலறினாள். எங்கள் டீமில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். மீதிப் பேருக்குத் தெரிந்தவர்கள் விளக்கியிருப்பார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் மானம் போய்விட்டது.

அன்றைக்கே சைகைப் பாடம் ஆரம்பமானது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் தண்ணீர். வயிற்றைத் தடவினால் பசி. காதைப் பிடித்தால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள். ஒரு விரல், இரண்டு விரல் விவகாரத்தைப் பள்ளிக்கூடமே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. என் பக்கம் ஒரே ஒரு சைகைதான் — உள்ளங்கையைக் காட்டினால், 'இரு'. புரிந்தது என்றால் அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட வேண்டும். ஹெட்செட் காதில் இருக்கும்வரை வாயே திறக்கக் கூடாது.

என்ன சமர்த்து! ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதே பக்கத்தில் 'சத்தம் இல்லாத வீடு' என்று எழுதித் தள்ளினேன். நீங்களும் விடவில்லையே! "சூப்பர் ஐடியா சார்" என்று எத்தனை பேர். ஓசூரிலிருந்து ஒரு அம்மா, தன் இரட்டைப் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கிவிட்டதாகவும், வீடு இப்போது கோயில் மாதிரி இருப்பதாகவும் எழுதியிருந்தார். அதை அமலாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தலையைத் தூக்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன்?

அதற்கப்புறம்தான் அது நடந்தது.

மதிய நேரம். நான் திரையைப் பார்த்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். கதவு மெல்லத் திறந்தது. செலின் வாசல்படியிலேயே நின்றாள். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனாள். மேஜையிலிருந்த பாட்டிலைக் கண்ணால் காட்டினேன். தலையை ஆட்டி, இல்லை என்றாள். வயிற்றைத் தடவினாள். உடனே அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். காதைப் பிடித்தாள். அதுவும் இல்லை.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தேன்கூட. உள்ளங்கையைக் காட்டினேன் — 'இரு'.

அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் அவள் இடது கையால் காட்டினாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மீட்டிங் முடிந்து வெளியே வந்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடவில்லை. வலது கை ஒரு தலையணைமேல் கிடந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது. என் காதில் ஹெட்செட் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். "மாடிப்படில குதிச்சேன்ப்பா. விழுந்துட்டேன்."

அவள் முன்னால் மண்டியிட்டேன். "ஏன் கண்ணு, அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! எல்லாத்தையும் காட்டிப் பாத்தேன். வலிக்குதுன்றதுக்கு நீ எதுவுமே சொல்லித் தரலையே..."

ஆமாம். தண்ணீருக்கு இருந்தது, பசிக்கு இருந்தது, கூரியர்காரருக்குக்கூட இருந்தது. வலிக்கு இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து, "தும்ப நோவிதியா, புட்டி?" என்று கன்னடத்தில் கேட்டார். ரொம்ப வலிக்கிறதா பாப்பா என்று. "ஸ்வல்ப" என்றாள் செலின். கொஞ்சம்தானாம்! எலும்பில் மெல்லிய விரிசல்தான், பயப்பட ஒன்றுமில்லை, சில வாரம் கட்டுப் போட்டால் போதும் என்றார். பொம்மசந்திராவிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த அமலா, நடந்ததைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கீங்க. கை ஒடிஞ்சாக்கூட கத்தத் தெரியல, எம் புள்ளைக்கு."

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நான் கவுன்ட்டர் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

ஆனால் செலின் இருக்கிறாளே... வீட்டுக்கு வந்த நிமிஷத்திலிருந்து ஒரே கொண்டாட்டம்தான். கட்டுக்குப் 'புஜ்ஜி' என்று பேர் வைத்தாள். மத்தியானம் அதற்குக் கைக்குட்டை போர்த்தித் தூங்க வைத்தாள். வேனில் வரும் பிள்ளைகள் அதன்மேல் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று எல்லாவற்றிலும் பேர் எழுதினார்கள். ஒருவன் டைனோசர் வரைந்தான். அது பல்லி மாதிரி இருக்கிறது என்று அவனிடமே சொல்லி அவனை அழ வைத்தாள்.

மறுநாளே மீட்டிங் நடுவில் கதவு திறந்தது. கட்டுப் போட்ட கையை ராணி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, கைக்கு லீவு. இனிமே வாய்தான்!"

ஹெட்செட்டைக் கழற்றி வைத்து, ஸ்பீக்கரைப் போட்டேன். பேசினாள். என்ன பேச்சு! வேன் டிரைவர் அங்கிளின் புது மீசை, டீச்சர் கொடுத்த ஸ்டார், எறும்புக்கு ஜுரம் வருமா, புஜ்ஜிக்குப் பசிக்கிறதா... இதெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தது? உள்ளேயேதான் இருந்திருக்கிறது. நான்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் மேனேஜர், "கை எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒரு வாடிக்கையாளரும் ஓடிவிடவில்லை. கம்பெனியும் மூழ்கிவிடவில்லை. இதற்கா அவ்வளவு பாடம் நடத்தினேன்?

கீழ் வீட்டு கீதம்மா பார்க்கிற போதெல்லாம், "எஷ்டு தைர்ய நோடி!" என்று அவள் கன்னத்தைக் கிள்ளுவார். என்ன தைரியம் பாருங்கள் என்று. "எல்லாம் வளர்ப்பு சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்துகொண்டு மாடிக்கு ஏறிவிட்டேன்.

அவள் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து, நடந்ததை மறந்துவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது இல்லையா?

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கட்டைப் பிரித்தார்கள். மெஷின் உறுமியபோதுகூடச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் அவள் விரல்களை ஆட்டச் சொன்னார். கட்டைவிரலை ஆட்டினாள். ஒரு விரல் நீட்டினாள், இரண்டு விரல் நீட்டினாள். எல்லாம் வந்தது. அங்கேதான் அழ ஆரம்பித்தாள்.

பேர் எழுதிய கட்டு போய்விட்டதே என்று அழுகிறாள் போல... நான் மேதாவி அல்லவா, அந்த உடைந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். ஆட்டோவில் வீடு வரும்வரை அந்தப் பையை அவள் திறந்தே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம். நான் மீட்டிங்கில் இருந்தேன். கதவு மெல்லத் திறந்தது. செலின் வாசல்படியிலேயே நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள்.

"அப்பா..." என்றாள், கிசுகிசுவென்று. "கை இன்னும் ஃபுல்லா சரியாகலப்பா. இன்னும் கொஞ்ச நாள் பேசிக்கட்டுமா?"

அப்போதுதான் புரிந்தது. சைகையெல்லாம் ரத்து என்று நான் அவளிடம் ஒருநாளும் வாயால் சொல்லவே இல்லை. பேசுவது தன் உரிமை என்று அவளுக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாததால் கிடைத்த சலுகை என்று நினைத்திருக்கிறாள். கை குணமானால் வாய்க்குப் பூட்டு. அதற்குத்தான் அந்த அழுகை.

லைனில் இருந்தவர்களிடம் என்ன சொல்லிவிட்டு எழுந்தேன் என்று ஞாபகம் இல்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மறைத்து வைத்திருந்த கையை எடுத்து என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். இளைத்துப்போய், சூடாக இருந்தது. "இனிமே சைகையே கிடையாதுடி கண்ணு. அப்பா காதுல என்ன இருந்தாலும் சரி, யாரு லைன்ல இருந்தாலும் சரி, நீ கத்து" என்றேன்.

"நெஜம்மாவா? ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

'சத்தம் இல்லாத வீடு' பக்கத்தை யாராவது பத்திரப்படுத்தி வைத்திருந்தால், தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். ஓசூர் அம்மா, முக்கியமாக நீங்கள். இன்றைக்கே பிள்ளைகளை உட்கார வைத்து வாயால் சொல்லிவிடுங்கள் — வீடு கோயிலாக இருக்க வேண்டாம், சந்தைக்கடையாகவே இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே சத்தம்தான். இதை எழுதும்போதுகூட செலின் பக்கத்தில் நின்று எறும்பு ஜுரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் ஒவ்வொரு தடவையும், வாயைத் திறக்கும் முன், முதலில் என் காதைப் பார்த்துக்கொள்கிறாள்.