கைப்பையில் ஒரு கத்தி

போன சனிக்கிழமை ஒரு ஜவுளிக்கடை வாசலில் நான் ரவுடி ஆனேன்.

பெரிய கடை. கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுக்க என் தங்கை ஸ்டெல்லாவோடு போயிருந்தேன். செக்யூரிட்டி பையைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். தண்ணீர் பாட்டில், குடை, மாத்திரை டப்பா, பர்ஸ்... அப்புறம் அது. விரல் நீளத்துக்கு ஒரு மடக்குக் கத்தி. பச்சை பிளாஸ்டிக் கைப்பிடி. பையில் இருப்பதே தெரியாத எடை.

அவர் கத்தியை ஒரு முறை பார்த்தார். என் நரைத்த தலையை ஒரு முறை பார்த்தார்.

"இது எதுக்கும்மா உங்களுக்கு?"

"வெட்டுறதுக்கு" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுவிட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் பேத்தியை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார். சூப்பர்வைசர் ரொம்ப மரியாதையாகச் சிரித்தபடி, "மதுரைன்னு காட்டிட்டீங்க மேடம்" என்றார். கத்தியை ஒரு டிரேயில் போட்டு, என் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள்.

கடைக்கென்று ஒரு விதி இருக்கலாம். வாங்கி வைக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. எரிச்சல் அந்த 'உங்களுக்கு' மேல்தான். இதே கத்தி என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்தால் பழம் நறுக்க என்று நினைத்திருப்பார்கள். ஒரு பெண்ணின் பையில் இருந்தால் மட்டும் கதை தேடுகிறார்களே... ஏன்?

சரி. கதை இருக்கிறது. சொல்கிறேன்.

ஸ்டெல்லா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். டீச்சர் என்றால் சேலைதான் என்பது அங்கே எழுதாத சட்டம். முந்தானையை அழகாக மடித்து, தோளில் பின் குத்தி, காலையில் போட்ட மடிப்பு சாயங்காலம் வரை கலையாமல் நிற்பாள். கோடை விடுமுறைக்கு முந்தின வாரம், அவளுடைய ஸ்கூட்டர் சர்வீஸுக்குப் போயிருந்ததால், என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. முந்தானையை எடுத்துத் தலையில் போட்டு, கழுத்தைச் சுற்றி, நுனியைப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். நம் ஊரில் வெயிலுக்கு எல்லாப் பெண்களும் செய்வதுதான்.

ஒத்தக்கடை ஸ்டாப்பில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மெதுவாகத்தான் போனேன். பின்னாலிருந்து ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், ஸ்டெல்லா பின்பக்கமாக வளைந்து கிடக்கிறாள். முந்தானை சக்கரத்துக்குள். மிச்சச் சேலை அவள் கழுத்தில்.

வண்டி சாய்ந்தால் இன்னும் இறுகும். ஒருவர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார், நல்ல மனுஷன். சக்கரத்தைப் பின்னால் சுற்றிப் பார்த்தார்கள். அசையவில்லை. கழுத்துச் சுற்றுக்குள் விரலை விட்டேன், நுழையவில்லை. நழுவி விழ வேண்டிய சேலையைத் தோளில் குத்தியிருந்த சேஃப்டி பின் பிடித்து வைத்திருந்தது. அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பேச முடியவில்லை.

"யாராச்சும் பிளேடு, கத்தி வச்சிருக்கீங்களா?" என்று கத்தினேன்.

சுற்றி இருபது பேராவது நின்றிருப்பார்கள். இருபது பேரிடமும் போன் இருந்தது. ஒருவர் வண்டிச் சாவியை நீட்டினார். இன்னொருவர் பேனா. ஒருவர் வீடியோ எடுத்தார். ஒருவர், "சேலைய ஒழுங்கா சொருகிக்கிட்டு உக்காரணும்க்கா" என்று என் தங்கைக்குப் பாடம் எடுத்தார். மூச்சு விட முடியாதவளுக்குப் பாடம்! அந்த முகத்தை மறுபடி எங்கேயாவது பார்த்தால் நான் சும்மா விடமாட்டேன். அரிவாளுக்குப் பேர்போன ஊர் என்று சினிமாவில் நம்மைக் காட்டுகிறார்களே... அந்த இடத்தில் ஒரு பிளேடுக்கு வழியில்லை.

எதிர்ப்பக்கம் தள்ளுவண்டியில் கொய்யா விற்கிற அம்மாதான் ஓடிவந்தார். அத்தனை வண்டிகளையும் கை காட்டி நிறுத்திக்கொண்டு, கொய்யா நறுக்கும் கத்தியோடு. நான் ஒரு கையால் ஸ்டெல்லாவைத் தாங்கிக்கொண்டு மறு கையை நீட்டினேன். அவரும் நீட்டினார்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

குனிந்து, கத்தியைத் தார் ரோட்டில் வைத்தார். "கையில குடுத்தா சண்டை வரும் தாயி. எடுத்துக்க."

எடுத்தேன். தாங்கியிருந்த தங்கையை யாரோ ஒருவர் மேல் சாய்த்துவிட்டு, குனிந்து, எடுத்து, நிமிர்ந்து... அது எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ரொம்ப நேரம். உப்பும் மிளகாய்ப் பொடியும் ஒட்டிய மழுங்கல் கத்தி. கத்தியைக் கழுத்துப் பக்கம் விடாமல் சேலையை இழுத்துப் பிடித்து, அறுத்து அறுத்து ஒருவழியாகக் கிழித்தேன். ஸ்டெல்லா ரோட்டிலேயே உட்கார்ந்து இருமினாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வராது. அங்கே ஓடிவந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் இந்தப் பழக்கத்தை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கும் எனக்கும் என்ன சண்டை வந்துவிடப் போகிறது? வாய்க்கால் தகராறா, சொத்துத் தகராறா? அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறோம். உயிர் போகிற நேரத்திலும் கை தானாகப் பின்வாங்குகிறது என்றால், இதை எவ்வளவு ஆழமாக நமக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள்! வேலை முடிந்ததும் நான் எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? ரோட்டில் வைத்துத்தான். முதுகு அது பாட்டுக்குக் குனிகிறது.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி என் பையில் ஒரு கத்தி இருக்கும். யாரும் எனக்குக் குனிந்து வைக்க வேண்டாம்.

முடிவு சுலபம். வாங்குவது?

டவுனில் ஒரு பாத்திரக்கடை. அரிவாள்மனை காட்டினார்கள், காய்கறிக் கத்தி காட்டினார்கள். மடக்குகிற மாதிரி, பையில் வைத்துக்கொள்கிற மாதிரி வேண்டும் என்றேன். "ஏன்க்கா, வீட்டுல சண்டையா?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அடுத்தது இரும்புக்கடை. என் கை நீளத்துக்கு அரிவாள்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கேட்பவருக்குக் கேட்டது கொடுக்கிறார். விரல் நீளக் கத்தி கேட்ட என்னிடம் மட்டும், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று விசாரணை. அவர் எதற்கு வர வேண்டும்? ஜாமீன் கையெழுத்துப் போடவா?

ஆன்லைனில் பார்த்தால் வேறொரு உலகம். கறுப்பு நிறம், மண்டை ஓடு, காட்டுக்குள் முறைத்துப் பார்க்கிற தாடிக்காரர். ஒன்று வாங்கினேன். அம்மிக் குழவி மாதிரி கனம். நாலு நாள் பையில் கிடந்தது, தோள்பட்டை வலிதான் மிச்சம். அப்புறம் அலமாரிக்குப் போய்விட்டது. அலமாரியில் இருக்கிற கத்தி ஒத்தக்கடை ஸ்டாப்பில் யாருக்கு உதவும்? அடுத்து, மலிவாக இன்னொன்று. வீட்டில் மாம்பழத்தோடு பரீட்சித்துப் பார்த்தேன். அழுத்தியதும் தானாக மடங்கி என் கட்டைவிரலில் இறங்கியது. "கத்தி நல்லா வேலை செய்யுது" என்றார் வீட்டுக்காரர், பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டே.

காயம் ஆறுவதற்குள் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். முதலில் எடை. பையில் இருப்பதே மறந்துபோக வேண்டும், அப்போதுதான் தினமும் கூடவே வரும். விரித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நம் விரலுக்கு உத்தரவாதம் கிடையாது. ஒரு கை தங்கையைத் தாங்கும்போது இன்னொரு கையின் கட்டைவிரலே அதைத் திறக்க வேண்டும். அதற்காகப் பொத்தானை அமுக்கினால் பாய்கிற பட்டன் கத்தி பக்கம் போகாதீர்கள். அது வம்பு என்று எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் எச்சரித்தார். எல்லாவற்றையும் விட முக்கியம், முனை. கூர்முனையைக் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் விட முடியுமா? முனை மழுங்கலாக, விளிம்பு மட்டும் கூராக இருக்க வேண்டும். இந்த ஊரில் விற்கிறவர்கள் எல்லாரும் குத்துவதற்கே கத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் அது எங்கே கிடைத்தது? ஒத்தக்கடையிலேயே, ஒரு உரக்கடையில். திருவாதவூர்ப் பக்கத்து விவசாயிகள் விதையும் மருந்தும் வாங்குகிற கடை. ரோஜாத் தொட்டிக்கு மண்புழு உரம் வாங்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சை நிறத்தில் சிரித்தது. செடிக்கு ஒட்டுக் கட்டுகிற கத்தி. லேசு. 'டக்' என்று பூட்டுகிறது. முனை மழுங்கல். விலை, நாங்கள் ரெண்டு பேர் ஓட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிற காசுதான்.

"தோட்டம் வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கொஞ்சம் பெருசுதான்" என்றேன். மொட்டை மாடியில் ரெண்டு தொட்டி.

பாருங்கள், தோட்டக்காரி என்றதும் கேள்வி முடிந்துவிட்டது. செடிக்கு என்றால் கத்தி வைத்துக்கொள்ளலாம். தங்கைக்கு என்றால்தான் அனுமதி வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய சேலையைக் கதவுப் பிடியில் கட்டி இழுத்துப் பிடித்து அறுத்தேன். ஒரே இழுப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு இது இருந்திருந்தால் என்று.

ஸ்டெல்லாவுக்கும் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் அதைத் தொடவே இல்லை. கூடப்பிறந்தவளுக்குக் கத்தி வாங்கிக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்றாள். படித்தவள், பிள்ளைகளுக்கு சயின்ஸ் எடுக்கிறவள். ஆனால் காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாளை ஞாபகப்படுத்துகிற எதுவும் அவளுக்கு வேண்டாம். அன்றிலிருந்து அவள் ஸ்கூட்டரில் ஏறவில்லை. என்னுடையதிலும் இல்லை, தன்னுடையதிலும் இல்லை. மாட்டுத்தாவணி போய் பஸ் மாறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருகிறாள். மாலையில் மகனை ட்யூஷனில் விட, கடைக்குப் போக, எல்லாவற்றுக்கும் யாரையாவது எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டியவள். அவளுடைய ஸ்கூட்டர் போர்ட்டிகோவில் தூசி பிடித்து நிற்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். அன்று கழுத்து தப்பித்தது. கால்களை அந்த நாள் கட்டிப்போட்டுவிட்டது.

போன சனிக்கிழமையும் பஸ்ஸில்தான் போனோம்.

சேலை எடுத்தோம். உள்ளே கவுண்டருக்குக் கவுண்டர் முழ நீளக் கத்தரிக்கோல் கிடந்தது, அதற்கெல்லாம் டோக்கன் கிடையாது. வெளியே வந்து டோக்கனை நீட்டினேன். அதே செக்யூரிட்டி. டிரேயிலிருந்து கத்தியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் அதை மேஜை மேல் வைத்து, ரெண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

நான் எடுக்கப் போனேன். பழக்கம்தானே. என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள் ஸ்டெல்லா.

"கையிலயே குடுங்கண்ணே" என்றாள்.

அவர் தயங்கினார். சண்டை வரும் என்பார்களே என்று இழுத்தார்.

"வந்தா வரட்டும்ணே. அன்னைக்கு எங்கக்கா குனிஞ்சு எடுக்கிற வரைக்கும் என் கழுத்து காத்துக்கிட்டு இருந்துச்சு."

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மேஜையிலிருந்து எடுத்து, கைப்பிடிப் பக்கம் முன்னால் வருகிற மாதிரி திருப்பி, அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை மூடிக்கொண்டாள். அப்புறம் அது போனது என் பைக்குள் அல்ல, அவள் பைக்குள்.

திருப்பிக் கேட்பேனா?

திங்கட்கிழமை காலை போன் வந்தது. பள்ளிக்கூட வாசலிலிருந்து பேசினாள். முந்தானையை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகிக்கொண்டு, ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டாளாம். ஒத்தக்கடை ஸ்டாப் வந்தபோது முந்தானை செருகியபடியே இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்தாளாம். வண்டியை நிறுத்தவில்லையாம்.

இப்போது என் பையில் கத்தி இல்லை. நாளைக்கு மறுபடி உரக்கடைக்குப் போக வேண்டும்... தோட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நன்றாகத் துளிர்க்கிறது என்று சொல்லிவிடுவேன்.