இருபத்தேழாம் டோக்கன்

"டோக்கன் இருபத்தேழு, உள்ளே வரவும்." அது என் குரல். திண்டிவனத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்காக, விழுப்புரத்து வாடகை வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க ஒன்றிலிருந்து நூறு வரை நானே பதிவு செய்தது. நல்ல குரலுள்ள ஒருவரைப் பிடித்துப் பேச வைக்கலாமே என்றாள் மனைவி. எனக்குத்தான் என் குரல் மேல் கர்வம். இப்போது அது காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

கோபத்தில் பிறந்த வேலை அது. தொண்ணூற்று மூன்றில் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு. அதே டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் விடியற்காலையிலேயே போய் கேட்டுக்கு முன்னால் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு வர வேண்டும். ஒன்பது மணிக்குச் செருப்பு கிடக்கும் வரிசைப்படி ஆட்களைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் நான் நான்காவதாக விட்டுவந்த அம்மாவின் செருப்பை யாரோ கடைசிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். யார் தள்ளியது என்று வரிசையில் நின்றவர்களோடு சண்டை போட்டேன். அந்த ஆத்திரம் எனக்குள் இருபது வருடம் ஆறாமல் கிடந்தது.

அதனால் மிஸ்டு கால் டோக்கன் செய்தேன். காலையில் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் டோக்கன் எண்ணும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதும் மெசேஜாக வந்துவிடும். டாக்டரின் மேசையில் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொருவராக முடிய முடிய ஹாலில் என் குரல் அடுத்த எண்ணைக் கூப்பிடும். டாக்டர் நடுவில் எழுந்து போக நேர்ந்து, பார்க்காமல் விட்டுப்போன எண்கள் மறுநாள் முதலில் வரும். அதை யோசித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் ஓர் ஆயா உண்டு. எல்லோருக்கும் அக்கா. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே முகங்களைப் பார்ப்பார், சிலரின் கழுத்தில் புறங்கையை வைப்பார், திடீரென்று ஒருவரை எழுப்பி உள்ளே அழைத்துப் போவார். அவருக்காக 'அவசரம்' என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். முதல் மாதமே தன் தெருக்காரர்கள் நாலைந்து பேருக்கும் அதை அமுக்கிவிட்டார். ஹாலில் சண்டை. எனக்குப் பழைய செருப்பு ஞாபகம் வந்துவிட்டது. பட்டனை எடுத்துவிட்டேன். எண் இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று டாக்டரையும் சொல்ல வைத்தேன்.

"இனிமே நம்பர்தாங்க அக்கா" என்றேன்.

"நம்பருக்கு மூச்சு வாங்குமா தம்பி?" என்றார் அவர். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க நானே கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். கடலுக்குப் போகிறவர், ஐம்பது வயதிருக்கும். டோக்கன் இருபத்தேழு. உள்ளே பத்தொன்பது போய்க்கொண்டிருந்தது. அவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். அக்கா அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இவர முன்னாடி அனுப்பணும் தம்பி. ஆளு சரியில்ல."

"இன்னும் ஏழு பேர்தானே அக்கா. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."

அக்கா திரும்பி அந்த மனிதர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இருபத்து நான்காம் எண்ணை என் குரல் கூப்பிட்டபோது அவர் அக்காவின் தோளில் சரிந்தார். டாக்டர் ஓடி வந்தார். பிரயோஜனமில்லை.

அவர் மனைவி அழவில்லை. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வெடிகாலையிலேயே நெஞ்சு எரியுதுன்னாரு. வாயுன்னு நெனச்சோம். மெசேஜ்ல பதினொன்ற மணின்னு போட்டிருந்துச்சு. முன்னாடி வந்தா திட்டுவாங்களோன்னு ஊட்லயே படுக்க வெச்சிருந்தேன்."

அந்த மணியைக் கணக்குப் போட்டது என் புரோகிராம்.

காலையிலேயே வந்திருந்தாலும் சிரமம்தான் என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆறுதலாகவும் இருக்கலாம். நான் இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை.

அன்று மற்ற எண்களையெல்லாம் பார்த்து முடித்தார்கள்; கணக்கில் இருபத்தேழு மட்டும் மிச்சம் நின்றது. மறுநாள் காலை கிளினிக் திறந்ததும் ஹாலில் முதலில் கேட்டது என் குரல்தான். டோக்கன் இருபத்தேழு, உள்ளே வரவும். அதற்கு அடுத்த நாளும் அதேதான். அக்காவுக்கு போன் செய்தேன். கம்ப்யூட்டரில் இரண்டே பட்டன்கள்: 'பார்த்தாச்சு', 'வரவில்லை'. ஒன்றை அமுக்கும்வரை அந்த எண் தினமும் திரும்ப வரும். இரண்டாவதை அமுக்கிவிடச் சொன்னேன்.

"வந்தாரே தம்பி. எம்மேலதான் சாஞ்சாரு. வரலைன்னு எப்படி அமுக்கறது?"

மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் போய் நானே அழித்தேன். அவசரம் பட்டனைத் திரும்ப வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தேழாம் எண்ணை அடியோடு எடுத்துவிட்டேன். இப்போது பல கிளினிக்குகளில் அந்தப் புரோகிராம் ஓடுகிறது. எல்லா இடத்திலும் இருபத்தாறுக்கு அடுத்தது இருபத்தெட்டுதான். ராசி பார்க்கிறேன் என்று கிண்டல் செய்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் செருப்பிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

"செருப்பு கடைசியில கெடந்த அன்னிக்கா?" என்றாள் அம்மா. "அன்னிக்கு நான் வரிசையிலயே நிக்கலியேடா. ஒதடு நீலமாயிட்டுதுன்னு அந்த ஆயாதான் அத்தினி பேரையும் தள்ளிட்டு என்னை இஸ்துக்கினு உள்ள போனா. நீ வெளியில நின்னு செருப்புக்குச் சண்டை போட்டுக்கினு இருந்த."

எந்த ஆயா என்று நான் கேட்கவில்லை. அந்த டாக்டரிடம் அப்போதும் இப்போதும் ஒரே ஓர் ஆயாதான்.