சுவரில் தொங்கிய வாளி

மலேசியாவில் பீடோங் பக்கம், ரப்பர் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடொன்றுக்குச் சாயம் பூசி, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து குடும்பத்தோடு போய்த் தங்கினோம். சுவரில் அலங்காரமாக ரப்பர் மரத்துப் பால் சேகரிக்கும் பழைய வாளி ஒன்று தொங்கியது. வீட்டைக் கூட்டித் துடைக்கும் நரைத்த தலை அக்கா, வந்ததும் அதைக் கழற்றித்தான் தண்ணீர் பிடிப்பார்.

"அந்த வாளியோட நில்லுங்கக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றேன்.

"வயசெல்லாம் இதத் தூக்கித்தான் மரம் வெட்டிப் பால் எடுத்தேன் தம்பி. அப்ப யாரும் போட்டோ கேக்கல லா."

வாளியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

"இப்ப எடுங்க. படத்துல வீடு வரக்கூடாது."

தங்கிய வீடு எப்படி என்று யார் கேட்டாலும் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.