இன், ஒன், அற்

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் நான் ஆங்கிலம் படித்த மாலை வகுப்பில் எல் சல்வடோர்க்காரர் ஒருவர் இருந்தார். அடர்ந்த மீசை, வகுப்புக்குள்ளும் கழற்றாத குளிர் ஜாக்கெட். இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் போய், எங்கே இருக்கிறீர்கள், எங்கே வேலை என்று கேட்டுச் சின்னக் கொப்பியில் எழுதுவார். என் அகதி வழக்கு முடியாத காலம் அது.

“தம்பி, உவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதையும்,” என்றார் பக்கத்து மேசை அன்ரி.

ஒருநாள் அவரிடம் நேரே கேட்டேன். “ஏன் எங்கள் விலாசங்களை எழுதுகிறீர்கள்?”

அவர் கொப்பியை விரித்தார். நாங்கள் சொன்ன ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்திலும் இன், ஒன், அற் என்ற இடம் காட்டும் சொற்களை மட்டும் சிவப்பால் வட்டமிட்டிருந்தார்.

“ஸ்பானிஷில் மூன்றுக்கும் ஒரே சொல்தான்,” என்றார். “ராணுவம் வீட்டுக்குள் நின்றது என்று அகதி விசாரணையில் சொல்ல வந்தவன் ‘இன்’னுக்குப் பதிலாக ‘ஒன்’ போட்டுவிட்டேன். கூரைமேல் என்று எழுதிக்கொண்டார்கள். திருத்தினேன். கதையை மாற்றுகிறேனாம். திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்கள்.”

தமிழிலும் மூன்றுக்கும் ‘இல்’ ஒன்றுதானே என்று நினைத்தபோது மனம் இளகியது. அதற்குள் அவர் பேனையைத் திறந்துவிட்டார்.

“உங்கள் வீட்டில் ராணுவம் எங்கே நின்றது?”

நான் எழும்பி வெளியே போனேன். அவர் பாடத்துக்காகத்தான் கேட்டாரா, வேறு யாருக்காகவோ கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.