அது யார் நம்பர்?

1. பெயர் சொல்லிக் கூப்பிட்டது

"எங்க அப்பாவுக்கு மெசேஜ் அனுப்புனது யாரு? நீங்களா?"

மதுரை சிம்மக்கல்லில் மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள் அந்தப் பெண். பெயர் கனிமொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ்.

ஆன்லைன் விளம்பரத் தொழிலில் எனக்கு அப்போது பத்து வருட அனுபவம். கர்வமும் அதே அளவுக்கு இருந்தது. ஒத்தக்கடையில் நர்சுகளுக்கு ஜெர்மன் மொழி கற்றுத்தரும் சென்டர் ஒன்று எங்கள் கஸ்டமர். அங்கே விசாரிக்க வருகிறவர்களை நாங்கள் 'லீட்' என்போம். அவர்கள் பெயரும் நம்பரும் எக்செல் ஷீட்டில் எனக்கு வரும்; வகுப்பில் சேர்ந்த பிறகும் அதிலேயே இருக்கும். அந்த ஷீட்டை சோஷியல் மீடியா கம்பெனிகளின் விளம்பரக் கணக்கில் ஏற்றிவிட்டால், அந்த நம்பர்காரர் எதைத் திறந்தாலும் எங்கள் விளம்பரம் கண்ணில் படும். போதாததற்கு, பெயர் போட்டு மெசேஜும் அனுப்புவேன். "கனிமொழி, ஜெர்மனி உங்களுக்காகக் காத்திருக்கிறது! பாஸ்போர்ட் ரெடியா?" என் கைவண்ணம்தான்.

அது போய் விழுந்தது திருமங்கலம் பக்கம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அவள் அப்பாவின் போனில்.

"நீதானம்மா இந்த நம்பரைக் கொடுத்த?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துல சேந்ததுலருந்து யாரு நம்பர் கேட்டாலும் அப்பா நம்பர்தான்க்கா வாயில வரும். மொதப் பரீட்ச பாஸ் பண்ணிட்டுப் பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன். இப்ப கிளாசுக்கே போகக் கூடாதுன்னுட்டாரு."

"நான் வேணா அப்பாகிட்டப் பேசட்டுமா?"

"நீங்க பேசுனதே போதும்க்கா."

சுருக்கென்று தைத்தது. தப்பு என்னுடையதுதான். அவள் கண் முன்னாலேயே அந்த நம்பரை எல்லா லிஸ்டிலிருந்தும் எடுத்தேன். அவள் கிளாஸை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

2. கேட்க வேண்டிய கேள்வி

அன்றே அந்த விளம்பரம், மெசேஜ் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சென்டர் நடத்தும் சார் கொதித்துவிட்டார்.

"என்னம்மா, அட்மிஷன் நேரத்துல நிப்பாட்டுறீங்க? எல்லாருக்கும் ஒரு போனைப் போட்டு யாரு நம்பர்னு கேட்டுட்டாப் போச்சு."

"எடுக்குறது அப்பாவோ அண்ணனோ யாருன்னு தெரியாது சார். கேட்டாலே இன்னும் நாலு வீட்டுல விஷயம் ஒடஞ்சிரும்."

"சரி, வேற வழி பாப்போம்," என்றார். அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. வகுப்பில் இருப்பவர்களுக்கும் விசாரிக்க வருகிறவர்களுக்கும் நேரிலேயே ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். "இது யார் நம்பர்? இதற்கு மெசேஜ் அனுப்பலாமா?" இரண்டே கேள்விகள். அப்பா, அண்ணன், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்று வந்த பதில்களைப் பார்த்து அசந்துபோனேன். பத்து வருடமாக நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒருவரை, திரும்பிப் பார்த்தது வேறொருவர். 'அனுப்பலாம்' என்றவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். லிஸ்ட் பாதியாகச் சுருங்கியது. ஆனால் அதில் இருந்தவர்கள் கூப்பிட்டால் பேசினார்கள்.

3. அப்பா வந்தார்

ஒரு மாதம் கழித்து, சென்டரில் விசாரித்துக்கொண்டு கனிமொழியின் அப்பாவே படியேறி வந்தார். திட்டு வாங்கத் தயாராகி நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் போனை நீட்டினார்.

"மெசேஜ் நின்னுபோச்சும்மா. ஆனா இது நிக்க மாட்டேங்குதே."

கம்பளி ஸ்வெட்டர், குளிர்காலக் காலணி, பெரிய பெட்டி, விசாவுக்குக் கடன், ஜெர்மனியில் வாடகை வீடு. திரை முழுக்க இந்த விளம்பரங்கள்தான்.

"நாங்க அனுப்பலய்யா. நீங்க எதையாவது தேடிப் பாத்தீங்களா? தேடுறதை வச்சுத்தான் இதெல்லாம் வரும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சும்மாதான். அங்க எம்புட்டுக் குளிர் அடிக்கும்னு பாத்தேன். பெறகு, தனியா இருக்குற புள்ளைகளுக்குப் பாதுகாப்பு எப்படின்னு பாத்தேன். எம் மககிட்ட சொல்லிறாதீங்க."

போனை வாங்கிக்கொண்டேன். செட்டிங்ஸைத் திறந்து, வேண்டாத விளம்பரங்களை எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடன், வாடகை, பெட்டி எல்லாம் போயின. ஸ்வெட்டரில் விரல் வைத்தபோது என் கையைத் தடுத்தார்.

"இது மட்டும் இருக்கட்டும்மா."

மறுநாள் கனிமொழி போன் செய்தாள். "அப்பா ஒங்க ஆபீசுக்கு வந்தாராமே, என்னக்கா சொன்னாரு?"

சொல்லிவிட நாக்கு துடித்தது. நல்ல செய்திதானே? ஆனால் அது அவருடைய செய்தி.

"அவர்கிட்டயே கேளும்மா," என்றேன்.

கோபத்தில் போனை வைத்தாள். ஆனால் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் இருந்தாள். இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவருடைய விஷயம் நம் கைக்கு வந்துவிட்டதாலேயே அது நம்முடையதாகிவிடாது. கெட்டதானாலும் நல்லதானாலும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

இதை எழுதவும் இருவரிடமும் கேட்டேன். மகள் உடனே சரி என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"எழுதுங்கம்மா. எம் நம்பரை மட்டும் போட்டுறாதீங்க."